சிறிய காரின் சர்வீஸ்: வண்டலூரிலிருந்து ஒரகடம் வரை

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் கார்த் தொழில் வளர்ந்த கதையை எழுதுகிறவர்கள் முதலீட்டுத் தொகையில் தொடங்கி ஏற்றுமதிக் கணக்கில் முடித்துவிடுகிறார்கள். தொழிற்சாலை வாசலைத் தாண்டிய கார் அடுத்த பதினைந்து ஆண்டுகள் யார் கையில் ஓடியது, யார் அதற்கு எண்ணெய் மாற்றினார்கள், எதைத் திறந்து பார்த்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கதையில் வருவதே இல்லை. அந்த மறுபாதியைப் பார்த்தால் விசித்திரமான ஒன்று தெரிகிறது. கடந்த அறுபது ஆண்டுகளில் ஒரு சிறிய காரின் வழக்கமான சர்வீஸில் செய்யவேண்டிய வேலை குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனால் காரை சர்வீஸுக்கு விட்டுவிட்டு வரும் உரிமையாளரின் கலக்கமோ கூடிக்கொண்டே போகிறது. என்ன செய்வார்கள், எவ்வளவு கேட்பார்கள், கேட்டது நியாயமா என்று அவருக்குத் தெரிவதில்லை. ‘கார் எல்லாம் கம்ப்யூட்டர் ஆகிவிட்டது, அதனால்தான்’ என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மைதான். வேலை குறைந்ததற்குக் காரணம் பொறியியலும் சட்டமும். விவரம் உரிமையாளரின் கையைவிட்டுப் போனதற்குக் காரணம் வணிகம். இரண்டும் ஒரே காலத்தில், ஒரே காரில் ஏறி வந்ததால் ஒன்றாகவே தெரிகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க இந்த வட்டாரத்தின் வரலாறே போதும்.

ஒரகடம் விவசாய நிலமாக இருந்த காலத்திலேயே வாலாஜாபாத் சாலையின் கிழக்கு முனையில், வண்டலூர் அருகே, ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் கார் செய்துகொண்டிருந்தது. 1961இல் அங்கிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வந்தது. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான் அதன் மூலம். அதன் பானெட் முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிக் கவிழும். திறந்துவிட்டால் இன்ஜின், ஸ்டியரிங், முன்சக்கர சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளியில் நிற்கும். மெக்கானிக் டயர்மேல் உட்கார்ந்தே வேலை செய்யலாம். அந்த வசதி அந்தக் காருக்குத் தேவையாகவும் இருந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட்டின் இடைவெளி 0.015 அங்குலம் இருக்கவேண்டும். சுழலும் தண்டில் உரசும் அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், பொறி தப்பான நேரத்தில் அடிக்கும், வண்டி இழுக்காது. ஆகவே அதை அடிக்கடி ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்ய வேண்டும். கார்புரேட்டர் திருகைத் திருகி ஐட்லிங் பிடிக்க வேண்டும், வால்வு இடைவெளி பார்க்க வேண்டும், பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டும், ஏறத்தாழ 5,000 கி.மீ.க்கு ஒருமுறை இன்ஜின் ஆயில் மாற்ற வேண்டும். முன்சக்கரத்தைத் தாங்கும் டிரனியன் என்ற பித்தளை மூட்டுக்கு கிரீஸ் அல்ல, கெட்டியான கியர் ஆயில்தான் போட வேண்டும். இதை அறியாமல் கிரீஸ் அடித்தால், அல்லது ஒன்றுமே போடாமல் விட்டால், ஒருநாள் மூட்டு உடைந்து சக்கரம் மடங்கிவிடும். அந்தக் காலத்து சர்வீஸின் இயல்பு இதுதான்: தேய்கிற பொருளை ஓயாமல் திருகித் திருகி ஒழுங்கில் வைப்பது. அதில் கைத்திறனுக்கும் காதுக்கும் பெரிய இடம் இருந்தது.

அந்தத் திறனைச் சுற்றி ஒரு முழு உலகமே வளர்ந்தது. செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949இலேயே தொடங்கிவிட்டது. பாடியில் 1961இல் லூகாஸ் டிவிஎஸ்ஸும் 1962இல் பிரேக்ஸ் இந்தியாவும் வந்தன. இறக்குமதியை இறுக்கிப் பிடித்த அரசின் கொள்கையால் பிறந்தவை இவை. கார் கம்பெனிக்குப் பாகம் கொடுத்த இதே ஆலைகள் கடைத்தெருவுக்கும் கொடுத்தன. ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுச் சாமான், புதுப்பேட்டையில் பழைய சாமான், தெருமுனையில் மெக்கானிக் ஷெட் என்று சங்கிலி அமைந்தது. இதன் பலன் ஸ்டாண்டர்ட் வீழ்ந்தபோது தெரிந்தது. ஹெரால்டின் வாரிசான கெஸல் 1970களோடு நின்றது. 1985இல் வந்த ஸ்டாண்டர்ட் 2000 ரோவரின் நவீன உடலுக்குள் பழைய வேன்கார்டு இன்ஜினை வைத்துக்கொண்டு தடுமாறியது. 1988இல் ஆலை மூடப்பட்டது. கம்பெனி போன பிறகும் ஹெரால்டுகள் ஓடின. அவற்றைப் பராமரிக்கும் அறிவு கம்பெனியின் கஜானாவில் பூட்டப்பட்டிருக்கவில்லை, ஊரில் பரவிக் கிடந்தது என்பதுதான் காரணம்.

இதைப் படித்ததும் பழைய மெக்கானிக்கின் பொற்காலத்துக்கு நான் ஏங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். அடிக்கடி திருகிக்கொண்டே இருக்கவேண்டிய கார் நல்ல கார் அல்ல. திறமையான கை ஒன்று இருந்தால் திறமையற்ற கை பத்து இருந்தது. டிரனியனுக்கு கிரீஸ் அடித்தவர்களும் மெக்கானிக்குகள்தான். ‘டியூனிங்’ செய்த கார்கள் விட்ட புகையையும் கணக்கில் வைக்க வேண்டும். அந்தப் புகைதான் இந்தக் கதையின் அடுத்த திருப்பம். நீதிமன்றத்தின் நெருக்குதலால் 1995 ஏப்ரல் 1 முதல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்கு, புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயம் கலந்த பெட்ரோல் அந்தக் கருவியைச் சாகடிக்கும் என்பதால் ஈயமற்ற பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரி முதல் நாடெங்கும் அதுதான். கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்ய ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற எடை விகிதம் ஓட்டம் முழுக்கப் பிசகாமல் இருக்கவேண்டும். கார்புரேட்டர் திருகால் அதைக் காக்க முடியாது. சென்சார், கணினி, இன்ஜெக்டர் மூன்றும் சேர்ந்தால்தான் முடியும். 1998 செப்டம்பரில் இருங்காட்டுக்கோட்டை ஆலையிலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ இந்த மூன்றும் சேர்ந்த எம்பிஎஃப்ஐ இன்ஜினோடு வந்ததை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். 1983 முதல் கார்புரேட்டரோடு ஓடிய மாருதி 800கூட 2000 வாக்கில் அதே வழிக்கு வந்தது. திருகு மறைந்தது எந்தக் கம்பெனியின் சூழ்ச்சியாலும் அல்ல. நகரத்துக் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றுக்காக அது மறைந்தது, மறைந்ததும் நல்லதே.

திருகு போனதும் சர்வீஸ் என்பது சரிசெய்வதிலிருந்து மாற்றுவதற்கும் பார்ப்பதற்கும் நகர்ந்துவிட்டது. 2010இல் ஒரகடத்தில் திறக்கப்பட்ட ரெனோ-நிஸான் ஆலையிலிருந்து 2015இல் வந்த க்விட் போன்ற ஒரு காரை எடுத்துக்கொள்வோம். இன்றைய சிறிய பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் 10,000 கி.மீ. அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது சர்வீஸ். ஒவ்வொரு முறையும் உறுதியாக மாறுவது மூன்று, மூன்றரை லிட்டர் இன்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும்தான். ஏர் ஃபில்டரையும் ஏசி ஃபில்டரையும் தட்டிச் சுத்தம் செய்வார்கள், சில சர்வீஸுக்கு ஒருமுறை மாற்றுவார்கள். பிளக் சாதாரண வகையென்றால் பல பத்தாயிரம் கி.மீ. ஓடும், இரிடியம் வகை இன்னும் நீண்ட நாள் தாங்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, சூட்டில் கொதிக்கும் தன்மை பெறுவதால் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள்; சென்னையின் ஈரக் காற்றில் அதைத் தள்ளிப்போடக் கூடாது. மற்றதெல்லாம் பார்வை: பிரேக் பேடின் கனம், டயரின் தேய்மானம், பேட்டரி, கூலண்ட் மட்டம், அடிப்பாகத்து ரப்பர் உறைகள். ‘இலவச சர்வீஸ்’ கூப்பனில் இலவசம் கூலி மட்டுமே, எண்ணெயும் ஃபில்டரும் உரிமையாளர் செலவு. இவ்வளவுதான் வழக்கமான சர்வீஸ். இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங், அடிப்பாகப் பூச்சு என்று ஜாப் கார்டில் ஏறும் வரிகளைக் காரோடு வந்த கையேட்டின் அட்டவணையில் பெரும்பாலும் காணமுடியாது. கோளாறு இருந்தால் அவற்றில் சில தேவைப்படலாம். கோளாறு இல்லாதபோது அவை விற்பனை.

அட்டவணை சராசரிக் காருக்கு எழுதப்பட்டது, நம் சாலைக்குப் பொருந்தாது என்று ஒரு மறுப்பு உண்டு. நியாயமான மறுப்புதான். சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் லாரிகளுக்குப் பின்னால் புழுதியில் ஊர்ந்து, தினமும் சில கி.மீ. மட்டும் ஓடும் காரின் எண்ணெய் சீக்கிரம் கெடும், ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைக்கும். ஆனால் அதற்கான விடையும் கையேட்டிலேயே இருக்கிறது. கடினமான சூழலில் ஓடும் காருக்கு இடைவெளியைக் குறைக்கச் சொல்லும் தனிப்பகுதி பெரும்பாலான கையேடுகளில் உண்டு. எண்ணெயையும் ஃபில்டரையும் முன்கூட்டியே மாற்றச் சொல்கிறது அது. பட்டியலில் இல்லாத புதிய வேலைகளைச் சேர்க்கச் சொல்லவில்லை.

வேலை இவ்வளவு எளிதானது என்றால் அதைத் தெருமுனை ஷெட்டில் செய்துகொள்ளத் தடை என்ன? இங்கேதான் வணிகம் நுழைகிறது. 2011இல் ஒரு நுகர்வோர் கொடுத்த புகாரின்பேரில் இந்தியப் போட்டி ஆணையம் விசாரணை தொடங்கியது. அசல் உதிரிப் பாகங்களையும், பழுது கண்டறியும் ஸ்கேனரையும், பழுதுபார்க்கும் கையேட்டையும் கம்பெனிகள் தங்கள் டீலர்களுக்கு வெளியே கொடுப்பதில்லை என்பதே குற்றச்சாட்டு. 2014 ஆகஸ்ட் 25இல் ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மறைமலை நகரின் ஃபோர்டும் ஒரகடத்தின் நிஸானும் அவற்றில் இருந்தன. சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியிருந்த ஹூண்டாய்க்குத் தனியாக 2015 ஜூலையில் சுமார் 420 கோடி விதிக்கப்பட்டது. ஆக, இந்த வட்டாரத்தின் மூன்று பெரிய கார் ஆலைகளுமே அந்த விசாரணைக்குள் வந்தன. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதக் கணக்கைக் குறைத்ததே ஒழிய, தவறு நடந்தது என்ற முடிவின் அடிப்படையை மாற்றவில்லை.

நிறுவனங்கள் சொன்ன வாதங்கள் உதறித் தள்ளக் கூடியவை அல்ல. பயிற்சியில்லாத கை தொட்டால் பாதுகாப்புக்குக் கேடு என்றன. அதற்கு ஆணையம், கையேட்டையும் கருவியையும் மறைத்துவைப்பது அறியாமையைத்தான் வளர்க்கும் என்ற திசையில் யோசித்து, அவற்றைத் தனி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்யும்படி உத்தரவிட்டது. வெளியே சர்வீஸ் செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மொத்தமாக மறுக்கக் கூடாது என்றும் சொன்னது. இன்னொரு வாதம் நுட்பமானது: கார் வாங்குகிறவர் ஆயுள் முழுவதற்குமான பராமரிப்புச் செலவைக் கணக்கிட்டுத்தானே வாங்குகிறார், அதிகம் கேட்கும் கம்பெனியிடம் வாங்காமல் போகலாமே என்பது. ஏழெட்டு ஆண்டு கழித்து ஒரு பம்பர் என்ன விலை இருக்கும் என்று ஷோரூமில் நின்று எந்த நடுத்தரக் குடும்பத்தால் கணக்கிட முடியும்? அதற்கான தகவலே அவர்களிடம் இல்லை என்று ஆணையம் அந்த வாதத்தையும் ஏற்கவில்லை. கணினி வந்ததால் மெக்கானிக் ஒழிந்தார் என்பவர்களுக்கும் இந்த வழக்கே பதில். கணினி தன்னைப் படிக்க ஒரு பொது வாசலை வைத்துக்கொண்டுதான் வந்தது. ஓபிடி என்ற அந்த இணைப்பு 2010 முதல் படிப்படியாக இந்தியாவில் கட்டாயமானதும் புகைச் சட்டத்தால்தான். வாசல் பொது, அறைச் சாவிகள் மட்டும் தனியார் கையில் என்பதே நிலைமை.

சாவி யாரிடம் இருக்கிறது என்பது கம்பெனி கிளம்பும்போது உயிர்க் கேள்வியாகிவிடும். 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022இல் மறைமலை நகர் ஆலை ஓய்ந்தது. 2010 முதல் அங்கே பிறந்த ஃபிகோக்கள் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. சர்வீஸும் பாகங்களும் தொடரும் என்று நிறுவனம் அறிவித்தது, தொடரவும் செய்கிறது. ஆனாலும் அந்தக் கார் வைத்திருந்தவர்கள் ஒரு வாக்குறுதியின்மேல் நின்றார்கள். 1988இல் ஹெரால்டு வைத்திருந்தவர் நின்றது செம்பியத்திலும் பாடியிலும் புதுப்பேட்டையிலும் பரவியிருந்த ஒரு சந்தையின்மேல். ஹெரால்டைவிட ஃபிகோ எல்லா வகையிலும் மேலான கார். அது குறைவாகவே பழுதாகும், குறைவாகவே புகைவிடும். ஆயினும் உரிமையாளரின் காலடி நிலம் முன்பைவிட ஒடுங்கித்தான் இருந்தது. இந்த ஒடுக்கம் தொழில்நுட்பத்தோடு கூடப்பிறந்தது என்றால் சகித்துக்கொள்ளலாம். அப்படி அல்ல என்பதைத்தான் 2014 ஆணை காட்டியது.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் அதற்கெனத் தொடங்கிய இணையதளத்தில் வாகனங்களும் ஒரு பிரிவு. இதற்கிடையே 2025 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் செய்த மின்சார கிரெட்டா விற்பனைக்கு வந்துவிட்டது. மின்சாரக் காரில் இன்ஜின் ஆயில் இல்லை, ஆயில் ஃபில்டர் இல்லை, பிளக் இல்லை. மோட்டாரே வேகத்தைக் குறைத்துக் கொடுப்பதால் பிரேக் பேடும் மெல்லத் தேய்கிறது. சிறிய கார்களும் அந்த வழிக்கு வரும்போது சர்வீஸில் எஞ்சுவது டயர், பிரேக் ஆயில், கூலண்ட், ஏசி ஃபில்டர், பிறகு மென்பொருளும் பேட்டரியின் நலம் காட்டும் அறிக்கையும். முதல் நான்கையும் எந்த ஷெட்டிலும் பார்த்துக்கொள்ளலாம். கடைசி இரண்டும் கம்பெனியின் கணினியில் மட்டும் திறக்குமா, ஒரகடத்து மெக்கானிக்கின் ஸ்கேனரிலும் திறக்குமா என்பதைப் புதிய கார்கள் பெருகும் முன்பே விதியாக எழுதிவிட வேண்டும். கார்புரேட்டர் போனபோது அப்படி எழுதிவைக்கவில்லை. ஆணையத்தின் கட்டளை வருவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பே சான்ட்ரோ சாலையில் ஓடத் தொடங்கியிருந்தது.