ஹிஹோன் நகரில் ஒரு மாலை (1982)



காற்பந்து இரசிகர் எவரைக் கேட்டாலும், எதிரணி செய்த ஏமாற்று வேலை என ஒரு கதையாவது அவரிடம் இருக்கும். நடுவர் கண்ணில் படாமல் கையால் தட்டிய பந்து, நடித்துப் பெற்ற பெனால்டி என அப்பட்டியல் நீளும். அவற்றுள் பல, தோல்வியின் ஆற்றாமையில் பிறந்தவை. ஆயினும், நாடு கடந்து பலரும் நியாயமென ஏற்ற முறையீடு ஒன்று வரலாற்றில் உண்டு. அது அல்ஜீரிய இரசிகர்களுடையது.

1982-ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டி ஸ்பெயினில் நடைபெற்றது. அப்போட்டிக்கு முதன்முறையாகத் தகுதி பெற்ற அல்ஜீரியா, ஜூன் 16-ஆம் நாள் ஹிஹோன் நகரில், அன்றைய ஐரோப்பிய வெற்றியாளரான மேற்கு ஜெர்மனியை 2-1 என வீழ்த்தியது. உலகக் கிண்ணத்தில் ஓர் ஆப்பிரிக்க அணி ஐரோப்பிய அணியை வென்றது அதுவே முதன்முறை.

அடுத்து ஆஸ்திரியாவிடம் 0-2 எனத் தோற்ற அல்ஜீரியா, ஜூன் 24-இல் சிலியை 3-2 என வென்று தன் ஆட்டங்களை முடித்தது. வெற்றிக்கு 2 புள்ளிகள் வழங்கப்பட்ட காலம் அது. அல்ஜீரியாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் தலா 4 புள்ளிகள். மேற்கு ஜெர்மனிக்கு 2. பிரிவின் கடைசி ஆட்டத்தில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதவிருந்தன. ஆனால், அவ்வாட்டம் மறுநாள்தான் நடைபெற்றது. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கணக்கை நோக்குவோம். ஆட்டம் சமநிலையில் முடிந்தாலோ ஆஸ்திரியா வென்றாலோ, மேற்கு ஜெர்மனி வெளியேறும். மேற்கு ஜெர்மனி 3-0 என வென்றால் ஆஸ்திரியா வெளியேறும். ஒன்று அல்லது இரண்டு கோல் வேறுபாட்டில் மேற்கு ஜெர்மனி வென்றால், இவ்விரு நாடுகளும் அடுத்த சுற்றுக்குச் செல்லும், அல்ஜீரியா வெளியேறும். பந்தை உதைக்கும் முன்பே இரு அணிகளும் இதனை அறிந்திருந்தன.

10-ஆவது நிமிடத்தில் ஹுருபெஷ் மேற்கு ஜெர்மனிக்காக ஒரு கோல் அடித்தார். அதன்பின் ஆட்டத்தில் வேகம் படிப்படியாகக் குறைந்தது. இரண்டாம் பாதியில், பந்தைத் தம் பக்கத்திலேயே உருட்டிக்கொண்டு இரு அணியினரும் நேரத்தைக் கடத்தினர். அரங்கிலிருந்த அல்ஜீரிய இரசிகர்கள் பணத்தாள்களை ஆட்டக்காரர்களை நோக்கி அசைத்துக் காட்டினர். ஆஸ்திரியத் தொலைக்காட்சி வருணனையாளர், பெட்டியை அணைத்துவிடுமாறு நேயர்களிடமே கூறினார். ஆட்டம் 1-0 என முடிந்தது.

அல்ஜீரியாவின் முறையீட்டை ஃபிஃபா தள்ளுபடி செய்தது. எழுதப்பட்ட விதி எதுவும் மீறப்படவில்லை. முன்கூட்டியே உடன்பாடு செய்துகொண்டதாக விசாரணை எதுவும் நிறுவவுமில்லை. மேற்கு ஜெர்மனி இறுதியாட்டம் வரை சென்று, இத்தாலியிடம் 1-3 எனத் தோற்றது.

இங்கு மற்றோர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். சிலிக்கு எதிராக அல்ஜீரியா முதல் பாதியிலேயே 3-0 என முன்னணியில் இருந்தது. பின்னர் விட்டுக்கொடுத்த இரண்டு கோல்களைத் தடுத்திருந்தால், கோல் வேறுபாட்டில் ஆஸ்திரியாவுக்குச் சமமாகி, அடித்த கோல்களின் எண்ணிக்கையால் முந்தியிருக்கும். ஹிஹோனின் 1-0 அப்போது அல்ஜீரியாவைப் பாதித்திராது. எனினும், இதனால் அவர்களுடைய குறை பொய்யாகிவிடாது. விளையாடித் தோற்பது வேறு. பிறர் விளையாடாமல் இருந்ததால் வெளியேறுவது வேறு.

என் பார்வையில், இவ்விரு அணிகளை மட்டும் பழிப்பது போதாது. 1978-ஆம் ஆண்டிலேயே, பிரேசிலின் ஆட்டம் முடிந்தபின் களமிறங்கிய அர்ஜென்டினா, எத்தனை கோல் தேவை என்பதை அறிந்தே பெருவை 6-0 என வென்றது. அந்த ஐயத்துக்குப் பிறகும் அட்டவணை முறை திருத்தப்படவில்லை. ஹிஹோனுக்குப் பின்னரே, 1986 முதல் உலகக் கிண்ணப் பிரிவுகளின் இறுதி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடத்தப்படலாயின.

அந்தப் பாடம் இன்றும் பயன்படுகிறது. 48 அணிகள் கொண்ட 2026-ஆம் ஆண்டுப் போட்டிக்கு, மும்மூன்று அணிகளாக 16 பிரிவுகள் முதலில் திட்டமிடப்பட்டன. அவ்வாறெனில், கடைசி ஆட்டத்தின்போது ஓர் அணி சும்மா காத்திருக்க நேரும். ஹிஹோன் மீண்டும் நிகழலாம் எனப் பலரும் எச்சரித்தனர். 2023 மார்ச்சில் அத்திட்டம் கைவிடப்பட்டு, நான்கு அணிகள் கொண்ட 12 பிரிவுகள் என முடிவாயிற்று.

அல்ஜீரியாவுக்கு 1982-இல் நீதி கிட்டவில்லை. ஆனால், அன்று பணத்தாள்களை அசைத்த இரசிகர்களின் சினம் வீண்போகவில்லை. அவர்கள் இழந்ததைப் பின்வந்த நாடுகள் இழக்காதிருக்க ஒரு விதி பிறந்தது. விதிநூலுக்கு உட்பட்டதெல்லாம் நேர்மையாகிவிடாது என்பதை நம் மாணவர்களுக்கு விளக்க, இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.