ஆட்டபாணிக்கு மதிப்பெண் உண்டா?

1998 ஜூலையில் இத்தாலியின் இஸ்கியா தீவில் விசுவநாதன் ஆனந்தும் ‘ரெபெல் 10’ என்ற செஸ் நிரலும் எட்டு ஆட்டங்கள் ஆடின. ரெபெல் 5–3 என்று வென்றது. உலகத் தரவரிசையில் அப்போது இரண்டாமிடத்தில் இருந்த சென்னைக்காரரை, கடையில் விலைக்குக் கிடைத்த ஒரு மென்பொருள் தோற்கடித்துவிட்டது. செய்தி அவ்வளவுதான் என்று தோன்றும். கணக்கைப் பிரித்தால் வேறொன்று தெரிகிறது. நான்கு பிளிட்ஸ் ஆட்டங்களில் ரெபெல் 3–1. பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டில் 1½–½. நாற்பது நகர்த்தலுக்கு இரண்டு மணி நேரம் தந்த இரு ஆட்டங்களில் மட்டும் ஆனந்த் 1½–½.

இரண்டு ஆட்டங்களை வைத்து எந்தப் புள்ளியியலாரும் தீர்ப்பெழுத மாட்டார். ஆனாலும் முடிவுகள் சாயும் திசை தற்செயலாகத் தோன்றவில்லை. நேரம் குறைந்தால் மனிதன் கண் தவறுவான். நிரலின் பலமோ அந்தத் தவறைப் பிடிப்பதில்தான் இருந்தது. நேரம் கூடியபோது நெடுநோக்குத் திட்டம் கை கொடுத்தது. ஆக, ரெபெலின் ‘வலிமை’ என்று நாம் எழுதும் எண்ணுக்குள் அதன் ஆட்டபாணியும் எதிராளியின் பலவீனமும் சேர்ந்தே கிடக்கின்றன.

அர்பாத் எலோ வகுத்து, 1970இல் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே ஏற்ற தரப்புள்ளி முறை வலிமையை ஒரே கோட்டில் நிறுத்துகிறது. அழகான பலிகொடுப்புக்கு அதில் அரைப்புள்ளிகூடக் கிடையாது. அது நியாயமே. ஆனால் பாணி பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. ஸ்டாக்ஃபிஷ் நிரலில் ‘கன்டெம்ப்ட்’ என்றொரு அமைப்பு இருந்தது. சமநிலையில் முடியக்கூடிய நிலைகளைத் தவிர்த்துச் சிக்கலை நீட்டிக்கச் சொல்லும் அமைப்பு. நிரலின் செஸ் அறிவு கடுகளவும் கூடாமலே, நலிந்த எதிராளிகளிடம் அதிகப் புள்ளி சேர்க்க அது உதவியது.

பாணியின் மயக்கத்துக்கும் சான்று உண்டு. 2017 டிசம்பரில் ஆல்ஃபாஜீரோ என்ற நிரல் நூறு ஆட்டங்களில் ஸ்டாக்ஃபிஷை 28 முறை வென்று, 72 சமன் செய்து, ஒன்றில்கூடத் தோற்காதபோது, அதன் துணிச்சலான தாக்குதல்களை உலகமே புகழ்ந்தது. ஸ்டாக்ஃபிஷுக்குத் தரப்பட்ட நினைவகமும் நகர்த்தலுக்கு ஒரு நிமிடம் என்ற நேரவிதியும் போதுமானவையா என்ற கேள்வி அந்தப் புகழ்ச்சியில் அமுங்கிப்போனது. ஆயிரம் ஆட்டங்களில் 155 வெற்றி, 6 தோல்வி என்ற 2018ஆம் ஆண்டுக் கணக்குதான் ஆல்ஃபாஜீரோவே வலியது என்ற வாதத்துக்கு உறுதி தந்தது.

எனவே நிரலுக்கும் நிரலுக்கும் இடையிலான போட்டியில் எண்ணே பேசட்டும். பாணியைத் தனி மதிப்பெண்ணாகக் கூட்டுவது வீண். மனிதன் பயிற்சிக்கு ஒரு நிரலைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கேள்வி மாறுகிறது: எது பலமானது என்பதல்ல, எது தனக்கு உதவும் என்பதே. இந்திய கிராண்ட்மாஸ்டர் குகேஷின் இளமைக்காலப் பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, சிறுவன் சுமார் 2550 புள்ளியை எட்டும்வரை அவனை செஸ் நிரல்களின் பக்கமே விடவில்லை. முன்னணி நிரல்கள் அன்று அவனைவிடப் பலமானவை என்பது அவருக்குத் தெரியாததல்ல.