வாய்ப்பேச்சில் நிலத்தை குத்தகைக்கு விடுறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கோங்க!

பாலக்கோட்டில் தக்காளி, பென்னாகரத்தில் கேழ்வரகு என தருமபுரி மாவட்டத்தில் அடுத்தவர் நிலத்தில் பயிர் வைப்பவர்கள் பலர். ஒப்பந்தம் பெரும்பாலும் வாய்ப்பேச்சுதான்.

குத்தகை, வாரம் என்ன வித்தியாசம்?
பேசிய பணத்தையோ தானியத்தையோ கொடுத்தால் குத்தகை. விளைச்சலைப் பங்கு பிரித்தால் வாரம்.

எழுதிக் கொடுத்தா நிலம் போயிடுமா?
உரிமையாளர்களின் பயமே இதுதான். ஆனால், சொந்த உழைப்பில் பயிர் செய்பவரை, எழுத்து இல்லாவிட்டாலும் குத்தகைதாரராகவே பார்க்கிறது 1955-ம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். எழுதாமல் விடுவதால் லாபம் இல்லை. குத்தகை பாக்கி வைத்தால் வெளியேற்றவும் அதில் வழி உண்டு.

எவ்வளவு கொடுக்கணும்?
நியாயக் குத்தகைச் சட்டப்படி, வழக்கமான மொத்த விளைச்சலில் 25 சதவீதம்.

எழுத்து இல்லைன்னா யாருக்கு நஷ்டம்?
பயிர் வைத்தவருக்கு. பிஎம் கிசான் 6,000 ரூபாய் நில உரிமையாளருக்குத்தான் வரும். பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். ஆனால் பயிர் வைத்தது அவர்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

என்ன செய்யணும்?
ஒப்பந்தத்தை 3 பிரதி எழுதுங்க. ஆளுக்கு ஒன்று, தாலுகா அலுவலகத்துக்கு ஒன்று. சர்வே எண், பரப்பு, காலம், தொகை, கிணற்றுத் தண்ணீர் முறை, மோட்டார் ரிப்பேர் செலவு யாருடையது என எல்லாம் அதில் இருக்கட்டும்.