இரைச்சலுக்குக் காது கொடுத்தவர்கள்

1975 ஏப்ரல் மாதம். கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்பின் கூட்டம். ஸ்டீவ் டாம்பியர் என்பவர் தன்னுடைய ஆல்டேர் 8800 கணினியை அங்கே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கணினி என்றதும் நாம் நினைப்பதுபோல் இல்லை. திரை கிடையாது, கீபோர்டு கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. முகப்பில் வரிசையாகச் சுவிட்சுகளும் குட்டிக் குட்டி விளக்குகளும், அவ்ளோதான். டாம்பியர் அந்தச் சுவிட்சுகளைத் தட்டித் தட்டியே ஒரு நிரலை ஏற்றினார். பக்கத்தில் ஒரு சாதாரண ரேடியோவை வைத்தார். கொஞ்ச நேரத்தில் ரேடியோவிலிருந்து பீட்டில்ஸின் 'தி ஃபூல் ஆன் தி ஹில்' மெட்டு வந்தது. கணினிக்கும் ரேடியோவுக்கும் நடுவே ஒரு ஒயர்கூட இல்லை.

முன்பொரு நாள் வீட்டில் அவர் எண்களை வரிசைப்படுத்தும் நிரல் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தபோது, அருகிலிருந்த ரேடியோ கிறீச்சிட்டிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் ரேடியோவைத் தள்ளி வைத்திருப்பார்கள். இவர் எந்தக் கட்டளை ஓடும்போது எந்தச் சுருதி வருகிறது என்று சோதித்துப் பார்த்தார். கணினிக்குள் மின்சாரம் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெட்டி தன்னையறியாமல் ஒரு குட்டி ரேடியோ நிலையமாக இருந்தது. டாம்பியர் அதைப் பாட வைத்தார்.

கணினி ஒலியின் வரலாறு என்று தேடினால் சவுண்டு கார்டுகளின் வரலாறுதான் கிடைக்கும். எனக்கு என்னவோ இந்தக் கிறீச்சின் வரலாறுதான் பிடித்திருக்கிறது. ஏன்னா, இரைச்சல் என்று நாம் ஒதுக்குவது பெரும்பாலும் பக்கத்தில் யாரோ செய்துகொண்டிருக்கும் வேலையின் சத்தம்.

தொலைபேசியின் ஆரம்ப நாட்களிலேயே இது தெரிந்துவிட்டது. அப்போது ஒரே ஒரு கம்பிதான். மின்சாரம் திரும்பிப்போகும் வழி பூமி. அதனால் பக்கத்துத் தந்திக் கம்பியின் தட்டல் எல்லாம் காதில் விழுந்தது. மின்விளக்கும் டிராமும் வந்ததும் நிலைமை இன்னும் மோசம். கிரகாம் பெல் 1881இல் ஒரு காப்புரிமை வாங்கினார். இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டால் வெளித் தொந்தரவு இரண்டிலும் ஒரே அளவில் ஏறும், ஒன்றை மற்றது அடித்துவிடும். இன்று நம் வீட்டு இன்டர்நெட் கேபிளை வெட்டிப் பார்த்தாலும் உள்ளே அதே முறுக்கு இருக்கும்.

நூறு வருஷம் கழித்து அதே சிக்கல் ஒரு தகரப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்தது. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்டு பிளாஸ்டரை வெளியிட்டது. 8 பிட் கார்டு. ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 6 டெசிபல் என்று கணக்கு வைத்தால் மொத்தம் 48. மெல்லிய ஒலியெல்லாம் கார்டின் சொந்த 'ஸ்ஸ்ஸ்' சத்தத்துக்குள்ளேயே மூழ்கிவிடும். 1992இல் 16 பிட் கார்டு வந்தது. காகிதத்தில் 96 டெசிபல். நம் வீட்டுச் சத்தம் அடங்கினால்தானே பக்கத்து வீட்டுச் சண்டை கேட்கும்? ஹார்டு டிஸ்க், கிராஃபிக்ஸ் கார்டு, நொடிக்குப் பல்லாயிரம் முறை அணைந்து எரியும் பவர் சப்ளை என்று எல்லாருடைய சத்தமும் இப்போது ஸ்பீக்கரில் கேட்டது. இன்டெல்லின் ஏசி'97 வரையறை டிஜிட்டல் வேலைக்கு ஒரு சிப், அனலாக் வேலைக்கு இன்னொரு சிப் என்று குடும்பத்தைப் பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்தது. பிறகு யுஎஸ்பி சவுண்டு கார்டு வந்து, பெட்டியை விட்டே வெளியேறியது.

2005 வாக்கில் எங்கள் கல்லூரி விடுதியில் ஒரு சீனியர் அண்ணன் இருந்தார். யார் போய் "ஸ்பீக்கர் ரிப்பேர்ணா" என்றாலும் எழுந்து வரமாட்டார். "ரிப்பேர்னு சொல்லாத. என்ன சத்தம்னு சொல்லு" என்பார். 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில் உறுமுகிறதா? அது 50 ஹெர்ட்ஸ், கரண்டின் குரல். கணினி ஒரு பிளக்கில், ஆம்ப்ளிஃபயர் வேறொரு பிளக்கில் இருந்தால் இரண்டின் எர்த்தும் ஆடியோ ஒயரும் சேர்ந்து ஒரு வளையமாகிவிடும். அதில் மின்சாரம் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் செருகு, அடங்கும். சில பேர் எர்த் பின்னையே உடைத்துவிடுவார்கள். "உறுமல் நிக்கும். ஒருநாள் உன் மூச்சும் நின்னுடும்" என்று அண்ணன் திட்டுவார். அதற்கென்றே ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

மௌஸை அசைக்கும்போது 'கிர்ர்' என்கிறதா? அப்படின்னா தொந்தரவு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஒலியை வெளியே இருக்கும் கார்டுக்கு மாற்று. 'டிக் டிடிக் டிடிக்' என்கிறதா? உனக்கு போன் வரப்போகுது, போய் எடு.

அந்த மூன்றாவது சத்தம் இன்றைய பிள்ளைகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. 2ஜி போன் ஒரே அலைவரிசையை மற்ற ஏழு பேரோடு பங்கு போட்டுக்கொள்ளும். தன் முறை வரும்போது மட்டும், நொடிக்கு 217 தடவை, வெடித்து வெடித்து அனுப்பும். 217 என்பது நம் காதுக்கு எட்டும் சுருதி. ஸ்பீக்கர் ஒயர் அதற்கு ஏரியலாகிவிடும். போன் மணி அடிக்கும் முன்பே டவரோடு பேசத் தொடங்குவதால், அழைப்பு வருவது நமக்கு முன்னால் ஸ்பீக்கருக்குத் தெரிந்தது. 3ஜி, 4ஜி வந்த பிறகு அந்தச் சத்தம் பெரும்பாலும் செத்துப்போனது.

ஒரு கருவியின் ரகசியம் இன்னொரு கருவியில் கசிகிறது. கசிவது பாட்டாகவோ போன் அழைப்பாகவோ இருந்தால் பரவாயில்லை. 1943இல் பெல் ஆய்வகத்தில் ஒருவர் அமெரிக்க ராணுவத்தின் சங்கேத இயந்திரத்தைச் சோதித்துக்கொண்டிருந்தார். இயந்திரம் ஓர் அடி நகரும்போதெல்லாம், அறையின் வேறொரு மூலையிலிருந்த ஆசிலோஸ்கோப்பில் ஒரு முள் எழுந்தது. அந்த முட்களைப் படித்தால் மூலச்செய்தியையே படித்துவிடலாம். ராணுவம் நம்பவில்லை. நியூயார்க்கின் வேரிக் தெருவில் இருந்த சங்கேத நிலையத்துக்கு எதிர்க் கட்டடத்தில், சுமார் 80 அடி தூரத்தில், பெல் பொறியாளர்கள் போய் உட்கார்ந்தார்கள். ஒரு மணி நேரம் பதிவு செய்தார்கள். சில மணி நேரத்தில் செய்திகளில் முக்கால் பங்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்கள். போர்க்கால ரகசியம், ஜன்னல் வழியாக!

இது பழங்கதை என்று விட முடியாது. ஆர்எஸ்ஏ சங்கேத முறையை 1977இல் உருவாக்கிய மூவரில் ஒருவர் அடி ஷமீர். 2013இல் அவரும் ஜென்கின், டிரோமர் இருவரும் சேர்ந்து, மடிக்கணினி கணக்குப் போடும்போது உள்ளே எழும் மெல்லிய கீச்சொலியைப் பக்கத்தில் வைத்த செல்போனால் கேட்டே, 4096 பிட் ஆர்எஸ்ஏ சாவியை எடுத்துக் காட்டினார்கள். கணித வழியில் உடைப்பதற்குக் கற்பனைக்கெட்டாத காலம் பிடிக்கும் பூட்டு, அது. பூட்டைச் செய்தவரே அதன் முனகலைக் கேட்டுத் திறந்தார். விவரம் தெரிந்ததும் அந்த மென்பொருளை எழுதியவர்கள், முனகலிலிருந்து ஒன்றும் பிடிபடாதபடி கணக்கிடும் முறையை மாற்றினார்கள்.

டாம்பியரின் ரேடியோவில் வந்ததும் ஷமீரின் போனில் விழுந்ததும் ஒரே வகைக் கசிவுதான். இயந்திரம் வேலை செய்தால் எங்காவது அது கேட்டுவிடுகிறது. யார் காது கொடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது பாட்டாகிறது, பழுதாகிறது, திருட்டாகிறது.

அடுத்த முறை உங்கள் ஸ்பீக்கர் முனகினால் உடனே வால்யூமைக் குறைத்துவிடாதீர்கள். முதலில் மௌஸை ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.