ரிட்லி எழுதிய ஒரு வாக்கியம்: வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட்டின் பிறப்பும் கெடா மலர்களின் சாட்சியும்

வாண்டா மிஸ் ஜோக்கிம் ஆர்க்கிட் எப்படிப் பிறந்தது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண்மணி ஆக்னஸ் ஜோக்கிம் தம் கையால் மகரந்தம் சேர்த்து அதை உண்டாக்கினார் என்பது ஒரு கட்சி. வண்டு செய்த சேர்க்கையில் தானாக முளைத்த செடியை அவர் தம் தோட்டத்தில் கண்டெடுத்தார், அவ்வளவுதான் என்பது மற்றது. இரண்டாம் கட்சிக்கு அறிவியல் பலம் சேர்த்தவர்கள் ஹியூ சோய் சின், யாம் டிம் விங், ஜோசப் ஆர்டிட்டி மூவரும். 2002இல் இந்தச் செடியைப் பற்றி அவர்கள் வெளியிட்ட நூலும், அதைத் தொடர்ந்து 2007இல் ஆர்டிட்டியும் ஹியூவும் எழுதிய தனிக் கட்டுரையும் இவ்வழக்கின் அடிப்படை ஆவணங்களாகிவிட்டன. செடியின் உடலமைப்பு, வளர்ச்சி, பூக்கும் முறை பற்றி அவர்கள் எழுதியவற்றில் எனக்கு மறுப்பு ஏதும் இல்லை. இன்றும் இந்த ஆர்க்கிட்டைப் பற்றி எழுதப் புகுபவர் முதலில் கையில் எடுக்கவேண்டிய நூல் அதுதான். பிறப்பைப் பற்றிய அவர்களுடைய முடிவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வழக்கில் கெடாவின் மலைகளிலும் தீவுகளிலும் பூக்கும் இரண்டு ஆர்க்கிட்டுகளின் சாட்சிக்கு உரிய எடை கிடைக்கவில்லை என்பது என் வாதம்.

சர்ச்சைக்கு மூலமான எழுத்து மிகச் சிறியது. சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக இருந்த ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி, லண்டனில் வெளிவந்த 'கார்டனர்ஸ் குரோனிக்கிள்' இதழில் 1893 ஜூன் 24 அன்று இந்தப் பூவை வர்ணித்து எழுதினார். நம் தோட்டத்து மக்களுக்கு ரிட்லியின் பெயர் வேறு வகையில் பழக்கமானது. ரப்பர் மரத்தைச் சாகவிடாமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சோதித்து நிலைநாட்டியவரும், விதைகளைத் தோட்டக்காரர்களிடம் விடாமல் வற்புறுத்திக் கொடுத்தவரும் அவர்தான். கெடாவின் சுங்கைப்பட்டாணியும் பீடோங்கும் கூலிமும் ரப்பர்க்காடாக மாறியதற்குப் பின்னால் இருந்த அதே மனிதர்தான் இந்தப் பூவுக்கும் பெயரிட்டார்.

அவர் எழுதியதன் சாரம் இது. தோட்டக்கலையில் பேர்பெற்ற மிஸ் ஜோக்கிம் சில ஆண்டுகளுக்கு முன் வாண்டா ஹூக்கெரியானாவையும் வாண்டா டெரெஸையும் கலப்பதில் வெற்றி கண்டார். இரண்டுமே சிங்கப்பூரில் ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களிலும் வளர்ப்பவை. எதன் மகரந்தத்தை எடுத்துச் சேர்த்தார் என்ற பதிவு வைக்கப்படாமல் போனது வருந்தத்தக்கது. இதற்கு முன் இந்தக் கலப்பு நடந்த பதிவு எதுவும் கிடைக்காததால் இதை வர்ணித்து வைக்கிறேன். இவ்வளவுதான் அவர் சொன்னது.

மகரந்தம் பற்றிய அந்த ஒரு வாக்கியத்தில்தான் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். புதரில் தானாக முளைத்த செடியாக இருந்திருந்தால், எது தந்தை என்று எழுதிவைக்கவில்லையே என யாரும் வருந்த வேண்டியதில்லை. அங்கே பதிவுக்கே இடமில்லை. ஒருவர் வேண்டுமென்றே ஒரு பூவிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்தார், ஆனால் குறிப்பு எழுதத் தவறினார் என்று நம்புகிறவருக்கு மட்டுமே அந்த வருத்தம் வரும். இதை ரிட்லி போகிறபோக்கில் எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். ஆர்க்கிட் பூவில் பூச்சிகள் எப்படி மகரந்தம் சேர்க்கின்றன என்பது ரிட்லிக்குப் புதிய செய்தி அல்ல. பல்போஃபில்லம் பேரினத்தில் மகரந்தச் சேர்க்கை நடக்கும் விதத்தைப் பற்றி 1890லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டவர் அவர். வண்டு செய்யக்கூடியதையும் மனிதர் செய்யக்கூடியதையும் பிரித்தறிய அன்றைய மலாயாவில் அவரைவிடத் தகுதியான ஆள் கிடைப்பது அரிது. அப்படிப்பட்டவர் அச்சில் சொன்னதைத் தள்ளவேண்டுமானால் எதிர்ச் சான்று வலுவானதாக இருக்கவேண்டும்.

ஹியூவும் அவரது தோழர்களும் முன்வைக்கும் எதிர்ச் சான்றில் முதன்மையானது முளைப்புச் சிக்கல். ஆர்க்கிட் விதை தூசி போன்றது. அதற்குள் முளைக்கு வேண்டிய சேமிப்பு உணவு இல்லை. குறிப்பிட்ட பூஞ்சை துணைக்கு வந்தால்தான் அது முளைக்கும். பூஞ்சையின் பங்கை நோயல் பெர்னார் கண்டறிந்தது 1899இல். சர்க்கரை கலந்த ஊட்டக்கூழில், பூஞ்சையே இல்லாமல், கண்ணாடிக் குடுவைக்குள் விதையை முளைக்கவைக்கும் முறையை லூயிஸ் நட்சன் அறிவித்தது 1922இல். அந்த முறை தாவரவியலாளர் ஹோல்ட்டம் வழியாகச் சிங்கப்பூருக்கு வந்துசேர 1920களின் இறுதி ஆகிவிட்டது. அப்படியிருக்க, 1893க்கு முன்பே வீட்டுத் தோட்டத்தில் ஒரு பெண் ஆர்க்கிட் விதையை முளைக்கவைத்திருக்க முடியுமா என்பது அவர்கள் கேள்வி.

கேள்வி நியாயமானது. அதற்கான பதில் கெடாவின் ஜெராய் மலையிலும் லங்காவியிலும் இருக்கிறது.

ஜெராய் மலை, பினாங்கு மலை, லேடாங் மலை ஆகிய இடங்களில் வளரும் செருப்பு ஆர்க்கிட் ஒன்று உண்டு. இன்றைய பெயர் பேஃபியோபெடிலம் பார்பேட்டம். லிண்ட்லி இதை 1841இல் வர்ணித்தார். இங்கிலாந்தின் வீச் நிறுவனத்தில் தோட்டக்காரராக இருந்த ஜான் டொமினி, இதையும் பர்மாவைச் சேர்ந்த வில்லோசம் இனத்தையும் கலந்து வளர்த்த செடி 1869இல் பூத்தது. செருப்பு ஆர்க்கிட்டுகளில் கையால் உண்டாக்கிய முதல் கலப்பினம் அது. அதற்கு ஹாரிஸியானம் என்று பெயர் வைத்தார்கள். எக்ஸிடரில் அறுவை மருத்துவராக இருந்த ஜான் ஹாரிஸ்தான், ஆர்க்கிட் பூவில் மகரந்தத் திரள் எங்கே இருக்கிறது, சூல்முடி எங்கே இருக்கிறது என்று டொமினிக்குக் காட்டிக்கொடுத்தவர். அவருக்குச் செய்த நன்றிதான் அந்தப் பெயர். அதற்கும் முன்பாக, 1856லேயே டொமினியின் கலாந்தே கலப்பினம் பூத்துவிட்டது. பூஞ்சையின் பங்கு தெரிவதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்பு!

லங்காவிப் பூவின் சாட்சி தமிழ் வாசகருக்கு இன்னும் நெருக்கமானது. கடலோரச் சுண்ணாம்புப் பாறைகளின் இடுக்கில் வளரும் பேஃபியோபெடிலம் நிவியம் அது. இலையின் மேற்புறம் கரும்பச்சையில் சாம்பல் படர்ந்திருக்கும், அடிப்புறம் ஊதா. பூ தூய வெள்ளை. அடிப்பகுதியில் மட்டும் ஊசிமுனையால் குத்தியதுபோல் ஊதாப் புள்ளிகள். 1869இல் ரைஹன்பாக் அதை வர்ணித்தார். 1880களின் தொடக்கத்தில் வீச் நிறுவனத்தார் அதைக் கலந்தது எதனுடன் தெரியுமா? பொதிகையின் அகத்தியமலையில் மட்டும் வளரும் ட்ரூரியுடன். மஞ்சள் இதழின் நடுவே கரும்பழுப்புக் கோடு ஓடும் அந்தப் பூவைக் கர்னல் ஹீபர் ட்ரூரி 1865இல் கண்டார், பெடோம் 1874இல் வர்ணித்தார். இரண்டின் வாரிசுக்கு மைக்ரோகைலம் என்று பெயர் வழங்கியது. அதற்குத் தாயோ தந்தையோ ஆன நிவியம் லங்காவியிலிருந்தே போனதா, வேறு தீவிலிருந்து போனதா என்பதை என்னால் உறுதிசெய்ய இயலவில்லை. என் வாதத்துக்கு அது தடையும் இல்லை. குடுவையும் ஊட்டக்கூழும் இல்லாத காலத்திலேயே ஆர்க்கிட் கலப்பினங்கள் பலவும் முளைத்துப் பூத்துவிட்டன என்பதே இங்கே வேண்டியது.

எப்படி முளைத்தன? வழி எளியது. முற்றிய காயைப் பிளந்து, விதைத்தூளைத் தாய்ச்செடியின் அடியிலேயே, வேர் ஓடும் பாசியின்மேல் தூவுவார்கள். வேரில் குடியிருக்கும் பூஞ்சை, காரணம் தெரியாதவர்களுக்கும் உதவியது. பெரும்பாலான விதைகள் வீணாகும். ஒன்றிரண்டு பிழைக்கும். வீச் நிறுவனத்திடம் பயிற்சி பெற்ற ஆட்கள் இருந்தார்கள், ஆக்னஸிடம் அந்த வசதி இல்லை என்று சொல்லலாம். ஆனால் கண்ணாடி வீடு கட்டி, கரியெரித்து அவர்கள் உண்டாக்கிய வெக்கையும் ஈரமும் தஞ்சோங் பகாரில் நாளெல்லாம் சும்மா கிடைத்தவை. ஒரே ஒரு செடி பிழைத்தாலும் போதும். அன்று பிழைத்ததும் ஒன்றுதான்.

அடுத்தது வண்டு. மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய கருவண்டு இவ்வகைப் பூக்களுக்கு வரும் என்பது உண்மை. அது இரண்டு பூக்களையும் கலக்க முடியும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முடியும் என்பது வேறு, நடந்தது என்பது வேறு. இரண்டு இனங்களும் ஏறக்குறைய எல்லாத் தோட்டங்களிலும் இருந்த ஊரில் வண்டுக்கு எத்தனை வாய்ப்பு இருந்திருக்கும்! அப்படியும் இந்தக் கலப்பு ரிட்லியின் கண்ணில் முதலில் பட்டது, கலப்புச் செய்தார் என்று அவரே எழுதிய ஒருவரின் தோட்டத்திலிருந்துதான். இதை முடிவான ஆதாரமாகக் கொள்ளவில்லை. விதை முளைப்பதே அரிது என்பதால் வண்டின் உழைப்பும் வீணாகியிருக்கலாம் என்று எதிர்க்கட்சி சொன்னால், அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

மூன்றாவது, குடும்பத்தில் வழங்கிய கதை. ஆக்னஸ் ஒரு காலைப்பொழுதில் தோட்டத்தில் உலவியபோது மூங்கில் புதருக்குள் புதுச் செடியைக் கண்டார் என்பது அது. வண்டுக் கட்சிக்கு இக்கதை பெரிய துணை. ஆனால் அச்சேறிய ரிட்லியின் சொல்லுக்கும், தலைமுறை கடந்து செவிவழி வந்த நினைவுக்கும் ஒரே எடை கொடுக்க முடியாது. அதோடு, கதையை அப்படியே ஏற்றாலும் அது ரிட்லியை மறுக்கவில்லை. விதைத்தூளை ஈரமும் மக்கிய சருகும் உள்ள இடங்களில் தூவிவிட்டுக் காத்திருந்தவர், ஆண்டு கழித்து மூங்கிலடியில் ஒரு முளையைப் பார்த்தால் 'கண்டேன்' என்றுதானே சொல்வார்? இது என் ஊகம்தான், ஆனால் இரண்டு சாட்சிகளையும் பொய்யாக்காமல் பொருந்தும் ஊகம் இது. அவரது கல்லறையில், ஒரு பெண்ணின் செயல்களைப் போற்றும் விவிலிய வரி ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. சிலர் அதையும் ஆதாரமாகக் காட்டுகிறார்கள். பல கல்லறைகளில் காணக்கூடிய வரி அது. அதை நான் இந்த வழக்கில் சேர்க்கவில்லை.

ரிட்லி வருந்திய குறை 118 ஆண்டுகளுக்குப் பிறகு தீர்ந்தது. கில்லியன் கியூவும் சியா டெட் ஃபாட்டும் 2011இல் வெளியிட்ட மரபணு ஆய்வில், பசுங்கணிகத்தில் இருக்கும் மேட்-கே என்ற மரபணுவை ஒப்பிட்டார்கள். பசுங்கணிகம் தாய்வழியாக வருவது. உயிருள்ள செடிகளோடு 1893இல் உலர்த்திவைத்த டெரெஸ் மாதிரியையும் மிஸ் ஜோக்கிம் மாதிரியையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். டெரெஸின் ஆண்டர்சோனி என்ற வகையோடு மிஸ் ஜோக்கிம் முற்றிலும் பொருந்தியது. ஆகவே தாய் டெரெஸ். விலக்கிப் பார்த்தால் தந்தை ஹூக்கெரியானா. பர்மாவும் இந்தியாவின் வடகிழக்கும் தாய்வழி, கிந்தாச் சமவெளியின் சதுப்பு நிலங்களில் மண்டிக் கிடந்த இனம் தந்தைவழி. காய் பிடித்தது எந்தச் செடியில் என்று இப்போது தெரிகிறது. அந்தக் காய்க்கு மகரந்தம் கொண்டுவந்தது விரலா வண்டா என்பதை இந்த மரபணு சொல்லாது. ஆய்வாளர்களும் அப்படிச் சொல்லவில்லை. 2016இல் சிங்கப்பூரின் தேசியப் பூங்காக் கழகமும் மரபுடைமைக் கழகமும் ஆக்னஸைப் படைப்பாளராக ஏற்றன. அதற்கு வழிவகுத்தது நாடியா ரைட் முதலியோர் பழைய ஆவணங்களைத் தேடி முன்வைத்த வாதம், மரபணு அன்று.

காலம் பற்றியும் ஒரு திருத்தம் வேண்டும். ஆக்னஸ் 1893இல் இந்தப் பூவை உருவாக்கினார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது வர்ணனை அச்சான ஆண்டு. கலப்பு 'சில ஆண்டுகளுக்கு முன்' நடந்தது என்கிறார் ரிட்லி. அந்தச் 'சில' எத்தனை? அவர் சிங்கப்பூர் வந்தது 1888இன் இறுதியில். கலப்பு அதற்குப் பிந்தியது என்றால் அவர் கிட்டத்தட்ட நேர்சாட்சி. முந்தியது என்றால் ஆக்னஸ் சொல்லக் கேட்டு எழுதியவர். விதை முளைத்துப் பூக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதை வைத்து 1880களின் பிற்பகுதி என்று கொள்ளலாம். அதற்கு மேல் நெருக்கிச் சொல்ல ஆதாரம் போதாது. 1897இல் சர் டிரெவர் லாரன்ஸ் வளர்த்த செடி லண்டனில் முதல் வகுப்புச் சான்றிதழ் பெற்றது. 1899இல் சிங்கப்பூர் மலர்க்கண்காட்சியில் அதே பூவுக்கு ஆக்னஸ் பரிசு பெற்றார். அதே ஆண்டு ஜூலை 2இல் 45 வயதில் இறந்தார்.

கெடாவுக்கு இந்தச் செடி எப்போது வந்தது? 1909 வரை கெடா சயாமின் மேலாட்சியில் இருந்தது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய பிறகு துரைமார் பங்களா வேலியோரத்துக்கும், கிராணி வீட்டு வாசலுக்கும், கோயில் ஓரத்துக்கும் இது வந்து சேர்ந்திருக்க வேண்டும். விதை தேவையில்லை. வேர்விட்ட தண்டை ஒரு முழம் நறுக்கி, வெயில் படும் இடத்தில் கம்பில் கட்டினால் போதும். ரப்பரில் ஒட்டுக்கட்டிப் பழகியவர்களுக்கு இது விளக்கம் வேண்டாத வேலை. அந்த ரப்பருக்கோ பெற்றோர் பதிவு சரியாக இருந்தது: ஆர்ஆர்ஐஎம் 600 என்றால் தாய் ட்ஜிர் 1, தந்தை பிபி 86 என்று ஏட்டில் இருக்கும். வேலியோரத்தில் பூத்த ஆர்க்கிட்டுக்கு எந்த ஏடும் இல்லை.

எனவே கெடாவின் பழைய தோட்டங்களில் இன்னும் மிஞ்சியிருப்பவை ஆக்னஸின் அந்த ஒற்றைச் செடியிலிருந்து நறுக்கி நறுக்கி வந்தவையா, அல்லது பின்னாளில் அதே பெற்றோரைக் கலந்து எடுத்த வேறு செடிகளா என்பது திறந்த கேள்வி. பசுங்கணிக மரபணு இங்கே உதவாது. டெரெஸின் அதே ஆண்டர்சோனி வகை தாயாக அமைந்த எந்தக் கலப்பும் ஒன்றுபோலவே காட்டும். உட்கரு மரபணுவை எடுத்து, 1893இன் உலர்மாதிரியோடு ஒப்பிடவேண்டும். பீடோங், கூலிம் வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனையும், செம்பனை போய் வீடமைப்புத் திட்டங்களும் வந்துகொண்டிருக்கின்றன. மாதிரி எடுப்பதென்றால் பங்களாக்கள் இடிபடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும்.