சிறுநீரகக் கல்லும் நிமிஷத்துக்கு 60 அடியும்

1/ கத்தியே வைக்காம, வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து சிறுநீரகக் கல்லை உடைக்கிற லித்தோட்ரிப்ஸி சிகிச்சை கேள்விப்பட்டிருப்பீங்க. அது பிறந்தது ஒரு விமான கம்பெனியில்! #இழை

2/ ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனம். ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினா என்ன ஆகும்னு ஆராய்ந்தார்கள். மோதலில் பிறக்கும் அதிர்வலை உலோகத்துக்குள்ளேயே பயணிக்குது. சரி, அந்த அலையை உடம்புக்குள்ள இருக்கும் கல் மேல குவிச்சா?

3/ அதுவரை பெரிய கல்லுன்னா விலாப் பக்கம் நீளமா கிழிச்சு எடுக்கணும். 1980 பிப்ரவரி 7, மியூனிக். கிறிஸ்டியன் ஷோசி குழுவினர் முதல் நோயாளிக்கு அதிர்வலை சிகிச்சை கொடுத்தார்கள்.

4/ உலகமெங்கும் பரவிய மாடல் எச்எம்3. 1984-ல் அமெரிக்காவும் அனுமதித்தது. மயக்கம் கொடுத்து, நோயாளியைத் தண்ணித் தொட்டியில் இறக்குவாங்க. அடியில் மின்பொறி வெடிக்கும். கிண்ணம் மாதிரி உலோகம் அந்த அலையைக் கல் மேல குவிக்கும். தண்ணி எதுக்கு? நடுவில் காற்று இருந்தா அலை உள்ளே போகாம திரும்பிடும்.

5/ இதயத்துடிப்பு தடுமாறக்கூடாதுன்னு, ஈசிஜி பார்த்து துடிப்புக்கு ஒரு அடி. அதனால வேகம் இதயத்தின் வேகம்தான்.

6/ அடுத்து வந்த மிஷின்களில் தொட்டி போச்சு. ஜெல் தடவிய தண்ணிப்பை வந்துச்சு. வேகமும் நிமிஷத்துக்கு 120 ஆச்சு. ஆனா பலதில் எச்எம்3 அளவுக்குக் கல் உடையல!

7/ பல காரணங்கள். ஒண்ணு, அவசரம். ஒவ்வொரு அடியும் நுண்குமிழிகளை உண்டாக்கும். அது அடங்குறதுக்குள்ள அடுத்த அலை வந்தா, குமிழிகளே அதன் சக்தியைத் தின்னுடும். 2005-ல் டொரான்டோ ஆய்வு: நிமிஷத்துக்கு 120 அடியில் வெற்றி 61%, 60 அடியில் 75%.

8/ இன்னும் ரெண்டு பாடம். ஜெல்லில் காற்றுக்குமிழி தங்கக்கூடாது. எடுத்ததுமே முழு சக்தி வேணாம். குறைவா ஆரம்பிச்சு மெல்லக் கூட்டினா சிறுநீரகத்துக்குக் காயம் குறையுதுன்னு பன்றிகளில் நடந்த ஆய்வுகள் காட்டின.

9/ இதயத்துக்காக வெச்ச நிதானம், கல்லை உடைக்கவும் உதவியிருக்கு. அது தெரியாம அதைக் கைவிட்டுட்டு, பிறகு திரும்பக் கத்துக்கிட்டோம்.

அதனால சிகிச்சை மேஜையில் படுத்திருக்கும்போது "இவ்ளோ மெதுவா அடிக்குதே, மிஷின் பழசோ?"ன்னு பதறாதீங்க. "சீக்கிரம் முடிங்க டாக்டர்"னும் கேட்காதீங்க. அந்தக் கூடுதல் நிமிஷங்கள், நீங்க மறுபடி வந்து படுக்காம இருக்கத்தான்.