ஐம்பத்தேழும் அறுபதும்: ஆயுதக் காவல் படைகளில் ஓய்வு வயது

2019-ஆம் ஆண்டின் தொடக்கம் வரை, இந்தோ-திபெத் எல்லைக் காவல் படையின் கமாண்டண்ட் ஒருவர் 57 வயதில் சீருடையைக் களைந்தாக வேண்டும். அதே ஆண்டில் பிறந்து, அவருக்கு ஒரு படி மேலே டி.ஐ.ஜி. ஆகிவிட்டவருக்கோ 60 வயது வரை பணி உண்டு. பதவி உயர்வுக்குரிய காலியிடம் உரிய நேரத்தில் அமைந்ததா என்பதே மூன்றாண்டு ஊதியத்தைத் தீர்மானித்தது. சாதாரணக் காவலருக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. கமாண்டண்டுக்கு மேற்பட்ட நிலையை எட்டுவது அவரால் எண்ணிப் பார்க்கக்கூடியதன்று.

இவ்வேறுபாடு பழையது. மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 1962-இல் 55-லிருந்து 58 ஆயிற்று. ஆயுதக் காவல் படைகளின் கீழ்நிலையினரோ 55-இலேயே நிறுத்தப்பட்டனர். ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பின் 1998-இல் இரு தரப்புக்கும் இரண்டிரண்டு ஆண்டுகள் கூட்டப்பட்டன. 55 என்பது 57 ஆயிற்று, 58 என்பது 60 ஆயிற்று. இடைவெளி அப்படியே தங்கிவிட்டது.

அரசு சொன்ன காரணம் உடல்திறன். எல்லையிலும் கலவரப் பகுதியிலும் நேரடியாக நிற்போர் இளமையாக இருக்க வேண்டும் என்பது அதன் வாதம். ராணுவத்திலும் பதவிக்கேற்ப ஓய்வு வயது மாறுவதுண்டு. அந்த மரபின் நிழல் இவ்விதியில் தெரிகிறது. ஆனால் ராணுவ வீரருக்கு முன்கூட்டிய ஓய்வுடன் உறுதியான ஓய்வூதியமும் சேர்ந்தே வந்தது. 2004 ஜனவரி 1 முதல் இப்படைகளில் சேர்ந்தவர்களை அரசு பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் சேர்த்தது. அத்திட்டத்தில் பணிக்காலம் குறைந்தால் சேமிப்பும் குறையும். மரபின் சுமையை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் சலுகையை விட்டுவிட்ட ஏற்பாடு என்று இதைச் சொன்னால் மிகையாகாது.

உடல்திறன் வாதத்தை வலுவிழக்கச் செய்தவை அதே குடும்பத்தைச் சேர்ந்த இரு படைகள். மத்திய தொழில் பாதுகாப்புப் படையிலும் அசாம் ரைபிள்ஸிலும் எல்லா நிலையினருக்கும் ஓய்வு வயது 60. வடகிழக்கின் மலைக்காடுகளில் பணிபுரியும் அசாம் ரைபிள்ஸ் வீரருக்கு 60 வயது தடையில்லை என்றால், மற்றப் படையினருக்கு மட்டும் அது எவ்வாறு தடையாகும்? ஏழாவது ஊதியக் குழுவிலும் இக்கேள்வி எழுந்தது. தலைவர் நீதிபதி ஏ.கே. மாத்தூரும் ரதின் ராயும் சீரான 60-ஐப் பரிந்துரைத்தனர்; விவேக் ராய் உடன்படவில்லை. குழு ஒருமித்துப் பேசாததால் அரசு பழைய நிலையிலேயே தொடர்ந்தது.

2019 ஜனவரி 31 அன்று தேவ் சர்மா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இவ்வேறுபாட்டை அரசியலமைப்பின் 14-ஆம் பிரிவுக்கு முரணானது என்று தீர்த்தது. பலரும் எழுதுவதுபோல நீதிமன்றம் ‘60’ என்ற எண்ணை விதிக்கவில்லை. நிலை எதுவாயினும் ஒரே வயது இருக்க வேண்டும் என்றது. அந்த வயதை முடிவு செய்யும் பொறுப்பை, நான்கு மாத அவகாசத்துடன், உள்துறை அமைச்சகத்திடமே விட்டது. அனைவருக்கும் 57 என்று இறக்குவதற்கும் ஏட்டளவில் இடமிருந்தது. 2019 ஆகஸ்ட் 19-இல் வெளியான அமைச்சக ஆணை எல்லோருக்கும் 60 என்று உயர்த்தியது.

மகிழ்ச்சி முழுமையானதன்று. மேலே இருப்பவர் மூன்றாண்டு கூடுதலாக நீடித்தால், கீழே பதவி உயர்வுக்குக் காத்திருப்பவரின் வரிசையும் நீளும். ஏற்கெனவே தேக்கம் மிகுந்த இப்படைகளில் இது சிறு கவலையன்று.

மாநிலக் காவல்துறைகளை இத்தீர்ப்பு தொடவில்லை. கேரளத்தில் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள காவலர் 56 வயதில் விடைபெறுகிறார். அவருக்குத் தலைமை தாங்கும் ஐ.பி.எஸ். அதிகாரி 60 வரை இருக்கிறார். ஒருவர் மாநில விதிக்கும் மற்றவர் அகில இந்தியப் பணி விதிக்கும் உட்பட்டவர் என்பதால், ஒரே படையில் இருந்தும் இருவரையும் சட்டம் ஒரே தட்டில் வைப்பதில்லை.